ஓர் ஊரார் எழுப்பிய கோபுரம்

ஐரோப்பாவின் புகழ்பெற்ற கிறித்தவ ஆலயங்கள் என்றதும் பாரிஸ் நகரத்து நோட்ரடாம், ஜெர்மனியின் கொலோன், இங்கிலாந்தின் சாலிஸ்பரி ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் பேராலயங்கள். ஆயரின் இருக்கை அமைந்த ஆலயமே பேராலயம் எனப்படும். ஒரு மறைமாவட்டத்தின் செல்வமும் செல்வாக்கும் அதற்குப் பின்னால் நிற்கும். பங்கு ஆலயம் என்பது அவ்வாறன்று. ஓர் ஊரில் வாழும் மக்கள் கூடி வழிபடுவதற்கு உரிய ஆலயமே அது.

ஆனால் 1890 முதல் 2025 வரை, 135 ஆண்டுகள், உலகிலேயே மிக உயரமான ஆலயம் என்ற பெருமை ஒரு பங்கு ஆலயத்துக்கே உரியதாக இருந்தது. தெற்கு ஜெர்மனியில், டான்யூப் ஆற்றின் கரையில் உள்ள உல்ம் நகரின் ஆலயம்தான் அது. அதன் கோபுரத்தின் உயரம் 161.53 மீட்டர், அதாவது ஏறத்தாழ 530 அடி. உச்சியை நோக்கிச் செல்லும் படிகள் 768. 2025 அக்டோபரில் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் எழுந்துவரும் சக்ராத ஃபமிலியா ஆலயம்தான் அதை முந்தியது.

இந்த ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய ஆண்டு 1377. கோபுரத்தின் உச்சிக் கல்லை வைத்த ஆண்டு 1890. இடையில் 513 ஆண்டுகள் கழிந்தன. ஏறத்தாழ பத்தாயிரம் பேரே வாழ்ந்த ஓர் ஊர் இத்தகைய பணியை ஏன் தொடங்கியது? தொடங்கியது ஏன் நின்றது? இடையில் ஒருமுறை விழும் நிலைக்கு வந்த கோபுரம் எவ்வாறு பிழைத்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், கல் எவ்வாறு நிற்கிறது என்ற அறிவியலும் உடன் விளங்கும்.

மதிலுக்கு வெளியே இருந்த ஆலயம்

பதினான்காம் நூற்றாண்டில் உல்ம் ஒரு சுதந்திர நகரம். பேரரசருக்கு மட்டுமே அது கட்டுப்பட்டது. இடையில் வேறு சிற்றரசர் எவரும் இல்லை. ஆளிநாரையும் பருத்தியையும் கலந்து நெய்த துணி அந்நகரின் செல்வத்துக்கு அடிப்படை. டான்யூப் ஆற்று வழியாகவும், இத்தாலியை நோக்கிச் செல்லும் நிலவழிகள் மூலமாகவும் அதன் வணிகம் நடந்தது.

ஆனால் ஊருக்குரிய பங்கு ஆலயம் நகர மதிலுக்கு வெளியே இருந்தது. அமைதிக் காலத்தில் இது பெரிய இடையூறாகத் தோன்றவில்லை. 1376இல் பேரரசர் நான்காம் சார்லஸ் நகரை முற்றுகையிட்டபோதுதான் அதன் தொல்லை புரிந்தது. மதிற் கதவுகளை அடைத்தாயிற்று. ஊர் மக்கள் தங்கள் ஆலயத்துக்கே போக முடியாமல் உள்ளே சிக்கிக்கொண்டனர்.

முற்றுகை நீங்கியதும் ஊரார் ஒரு முடிவுக்கு வந்தனர். ஆலயம் மதிலுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். அதையும் தங்கள் சொந்தச் செலவிலேயே கட்ட வேண்டும். 1377 ஜூன் 30 அன்று நகரத் தலைவர் லுட்விக் கிராஃப்ட் அடிக்கல்லை நாட்டினார். அரசரோ ஆயரோ நாட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய ஆலயத்தைப் பிரித்து, அதன் சிற்ப வேலைப்பாடு கொண்ட வாயில்களை எடுத்து வந்து புதிய ஆலயத்தில் பொருத்தினர். அவற்றை இன்றும் அங்கே காணலாம்.

பத்தாயிரம் பேர் வாழ்ந்த ஊருக்கு, ஏறத்தாழ இருபதாயிரம் பேர் நிற்கக்கூடிய ஆலயத்தைத் திட்டமிட்டனர். அக்காலத்தில் ஆலயங்களில் இருக்கை வரிசைகள் கிடையா. மக்கள் நின்றே வழிபட்டனர். அப்படியிருந்தும் ஊரில் உள்ள அனைவரும் வந்து நின்றாலும் பாதி இடம் காலியாகத்தான் இருந்திருக்கும். தேவைக்காகத் தொடங்கிய பணியில் ஊரின் பெருமையும் சேர்ந்துகொண்டது.

கூர்வளைவின் கணக்கு

உல்ம் ஆலயம் கோதிக் பாணியில் அமைந்தது. இந்தப் பெயர் பிற்காலத்தில் இத்தாலியர் இகழ்ச்சியாகச் சூட்டியது. ரோமானியப் பேரரசைத் தாக்கிய கோத் இனத்தாரின் பெயரால், 'நாகரிகமற்ற பாணி' என்ற பொருளில் அவ்வாறு அழைத்தனர். உண்மையில் இப்பாணி பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சில் பிறந்தது. பாரிசுக்கு அருகில் உள்ள செயின்ட் டெனிஸ் மடத்து ஆலயத்தில் 1140க்கும் 1144க்கும் இடையே கட்டிய பீடப்பகுதியை அதன் தொடக்கமாகக் கூறுவர்.

இப்பாணியின் நுட்பத்தை அறிய, ஒரு கல்வளைவு எவ்வாறு நிற்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். கல்லை அழுத்தினால் அது தாங்கும். இழுத்தால் எளிதில் விரிசல் விடும். ஆகவே அகன்ற இடைவெளியின் மேல் ஒரே கல்லை உத்தரமாக வைத்தால் அதன் அடிப்பக்கம் இழுபட்டுப் பிளக்கும். சிறு கற்களை வளைவாக அடுக்கினாலோ ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை அழுத்திக்கொண்டு நிற்கும். இழுவிசைக்கு அங்கே இடமில்லை.

ஆனால் வளைவுக்கும் ஒரு குறை உண்டு. சுவரில் சாய்த்து வைத்த ஏணியை எண்ணிப் பாருங்கள். அதன் மேல் ஆள் ஏறினால் ஏணியின் கால் கீழ்நோக்கி அழுத்துவதோடு வெளிப்பக்கமாக வழுக்கவும் பார்க்கும். வளைவும் அப்படித்தான். அது தன் சுமையைக் கீழே இறக்குவதோடு, தன்னைத் தாங்கும் சுவர்களை இருபக்கமும் வெளியே தள்ளவும் செய்கிறது. இதை உந்துவிசை என்போம். ஏணியை நிமிர்த்தி வைக்க வைக்க அது வழுக்குவது குறைகிறது அல்லவா? அதுபோல, வளைவு உயர உயர உந்துவிசை குறையும்.

அரைவட்ட வளைவின் உயரம் எப்போதும் அதன் அகலத்தில் பாதிதான். அதை மாற்ற இயலாது. கூர்வளைவு அவ்வாறன்று, ஒரே அகலத்துக்கு அதை விரும்பிய அளவு உயர்த்தலாம். ஆகவே உந்துவிசையைக் குறைக்கலாம். அகலம் வேறுபட்ட வளைவுகளையும் ஒரே உயரத்தில் கொண்டுவந்து இணைக்கலாம். கவிந்த கூரையின் சுமையைக் கல் விலாக்கள் வழியே தூண்களுக்குக் கொண்டுசேர்த்துவிட்டால் இடைப்பட்ட சுவருக்கு வேலை குறைகிறது. அங்கே சுவரை நீக்கிவிட்டு வண்ணக் கண்ணாடிச் சாளரம் வைக்கலாம். எஞ்சிய உந்துவிசையை வெளியே நிற்கும் முட்டுச் சுவர்கள் ஏற்றுக்கொள்ளும். பக்கக்கூடத்தின் கூரைக்கு மேலே அந்தரத்தில் வளைந்து சென்று நடுக்கூடத்தின் சுவரைத் தாங்கும் முட்டு வளைவுகளும் இதற்காக அமைந்தவையே. கோதிக் ஆலயத்தின் அழகு உறுப்புகள் பலவும் இந்த ஓர் உந்துவிசையைச் சமாளிக்கப் பிறந்தவை எனலாம்.

என்சிங்கரின் துணிவு

உல்ம் ஆலயப் பணியை முதலில் ஏற்றவர்கள் பார்லர் என்ற புகழ்பெற்ற கல்தச்சர் குடும்பத்தினர். ஒரே அகலமுள்ள மூன்று கூடங்கள் அருகருகே அமைந்த ஆலயத்தை அவர்கள் திட்டமிட்டனர். மூன்று கூடங்களுக்கும் ஒரே உயரம். இத்தகைய அமைப்பில் நடுக்கூடத்தின் உந்துவிசையைப் பக்கக்கூடங்களின் உந்துவிசை எதிர்த்து நிற்கும். முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கும் இருவர் விழாமல் நிற்பதுபோல அது நிற்கும்.

1392இல் தலைமைப் பொறுப்பு உல்ரிக் என்சிங்கரிடம் வந்தது. அக்காலத்தின் துணிச்சல்மிக்க கோபுரக் கலைஞர் அவர். 1399 முதல் ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தின் கோபுரப் பணியையும் அவரே நடத்தினார். உல்ம் ஆலயத்தின் திட்டத்தை அவர் மாற்றினார். நடுக்கூடத்தை மட்டும் மிக உயர்த்தினார். மேற்கு முகப்பில் வானளாவும் ஒற்றைக் கோபுரத்தைத் திட்டமிட்டார்.

இன்று அளந்தால் நடுக்கூடத்தின் உயரம் 41 மீட்டருக்கு மேல். பக்கக்கூடங்கள் ஏறத்தாழ 20 மீட்டர்தான். முதுகோடு முதுகு சாய்ந்து நின்ற இருவரில் ஒருவர் மட்டும் இருமடங்கு உயர்ந்துவிட்டால் சாய்மானம் எங்கே கிடைக்கும்? நடுக்கூடத்தின் கவிகை தள்ளும் இடத்தில் அதற்கு எதிராக ஒன்றும் இல்லை. பக்கக்கூடங்களும், முன்பே குறித்தபடி, நடுக்கூடத்தின் அளவே அகலமாக இருந்தன. அந்த அகன்ற கவிகைகளின் உந்துவிசையும் பெரிது. இவ்விரு குறைகளும் பிறகு வந்தவர்களுக்குக் கடனாக அமைந்தன.

1405இல் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. கல் கவிகை அப்போது முடியவில்லை. தற்காலிகக் கூரையின் கீழேதான் வழிபாடு நடந்தது. 1419இல் என்சிங்கர் இறந்தார். அவருடைய மகனும் பேரனும் உட்பட அக்குடும்பத்தினர் பணியைத் தொடர்ந்தனர். 1471இல் பேரன் மோரிட்ஸ் காலத்தில் நடுக்கூடத்தின் கவிகை நிறைவு பெற்றது.

அதே ஆண்டுகளில் மற்றொரு கலைச் செல்வமும் உருவாயிற்று. 1469 முதல் 1474 வரை யோர்க் சியூர்லின் என்ற மரச் சிற்பி பீடப்பகுதியின் இருக்கைகளைச் செதுக்கினார். அவற்றின் முனைகளில் கிறித்துவுக்கு முற்பட்டவர்களும் பிற சமயத்தாருமான பண்டை அறிஞர்களின் உருவங்கள் உள்ளன. வானநூல் வல்ல தாலமி அங்கே இருக்கிறார். கணித மேதை பித்தாகரஸ் நரம்பிசைக் கருவி ஒன்றை மீட்டுகிறார். நரம்பின் நீளத்துக்கும் அது எழுப்பும் சுரத்துக்கும் உள்ள எண் தொடர்பைக் கண்டவர் என்று அவரை மரபு போற்றுவதே இதற்குக் காரணம். ஓர் ஊரார் தங்கள் வழிபாட்டு இடத்தில் கணித அறிஞருக்கும் வானநூலாருக்கும் இடம் அளித்தது வியப்பானது.

வழிபாட்டின் நடுவே விழுந்த கற்கள்

1470-களின் பிற்பகுதியில் மத்தேயுஸ் பொப்லிங்கர் தலைமை ஏற்றார். கோபுரத்துக்கு அவர் ஒரு புதிய வரைபடம் தயாரித்தார். சதுர அடிப்பகுதி, அதன்மேல் எண்கோண மாடம், அதற்கும் மேலே கல்லால் ஆன கூம்பு. அக்கூம்பு முழுவதும் பின்னல் வேலைபோலத் துளைகள் கொண்டது. இத்தகைய துளைக் கூம்புக்கு முன்மாதிரி ஃபிரைபர்க் நகரில் ஏறத்தாழ 1330இல் முடிந்த 116 மீட்டர் கோபுரம் ஆகும். துளைகளால் கல்லின் எடை குறையும்.

வேலை விரைந்து நடந்தது. கோபுரம் உயர உயர அதன் எடையும் ஏறியது. 1490-களின் தொடக்கத்தில், ஆலயத்தில் வழிபாடு நடந்து கொண்டிருந்தபோது, கோபுரத்தின் அடியில் உள்ள கவிகையிலிருந்து கற்கள் பெயர்ந்து விழுந்தன. கூடியிருந்த மக்கள் அஞ்சி வெளியே ஓடினர். கோபுரமே சரிந்துவிடும் என்ற திகில் ஊரெங்கும் பரவியது. மூன்று தலைமுறைகளுக்கும் மேலாகத் தாங்கள் உழைத்துச் சேர்த்த பொருளை எல்லாம் எந்த ஆலயத்தில் போட்டார்களோ, அது தங்கள் தலைமேலேயே விழப்போகிறது என்று ஊரார் அஞ்சினர். பொப்லிங்கர் நகரைவிட்டு வெளியேற நேர்ந்தது.

இந்த அச்சத்துக்குப் போதிய காரணம் இருந்தது. பிரான்சில் போவே நகரப் பேராலயத்தின் 48 மீட்டர் உயரமான கவிகை 1284இல் இடிந்து விழுந்தது. அதே ஆலயத்தில் பிற்காலத்தில் எழுப்பிய 153 மீட்டர் கோபுரமும் 1573இல் சரிந்தது. உயரத்தை நாடிய ஊர்கள் பலவும் இத்தகைய விலை கொடுத்தன.

அளவு விதி தவறியது எங்கே?

பொப்லிங்கர் திறமையற்றவர் அல்லர். அக்காலக் கல்தச்சர்கள் விசைகளைக் கணக்கிட்டுக் கட்டவில்லை. அளவு விகிதங்களைக் கொண்டு கட்டினர். 1486இல் ரீகன்ஸ்பர்க் நகரத்துக் கல்தச்சர் மத்தேயுஸ் ரோரிட்சர் சிறு நூல் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். ஒரு சதுரத்தின் பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்தால் உள்ளே மற்றொரு சதுரம் கிடைக்கும். அதன் பரப்பு முதலாவதில் சரிபாதி. அதற்குள் மீண்டும் ஒன்று. இவ்வாறு வரும் அளவுகளைக் கொண்டே ஒரு சிறு கோபுரத்தின் எல்லா உறுப்புகளையும் வரைந்துவிடலாம் என்பதை அந்நூல் விளக்குகிறது.

இந்த முறையை மூடத்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. கல் கட்டடத்தில் கல் நொறுங்குவது அரிது. நிலைதடுமாறிச் சரிவதே அபாயம். சரியுமா, நிற்குமா என்பது பெரும்பாலும் வடிவத்தைப் பொறுத்தது. சிறிய வளைவு ஒன்று நிற்குமானால், அதே விகிதத்தில் அமைத்த பெரிய வளைவும் நிற்கும். ஆகவே விகித விதிகள் பல நூற்றாண்டுகள் பயன் தந்தன.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் அவை கைவிட்டுவிடும். ஒரு கோபுரத்தின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் இருமடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகிறது. அடிப்பரப்போ நான்கு மடங்குதான் ஆகிறது. ஆகவே நிலத்தின் ஒவ்வொரு சதுர அடியின்மீதும் அழுத்தம் இருமடங்காகிறது. கல் இதைத் தாங்கலாம். கீழே உள்ள மண் தாங்காமல் அமுங்கலாம். கோபுரம் ஓரிடத்தில் சிறிது அமுங்கினாலும் அதனோடு இணைந்த கவிகை விரிசல்விட்டுக் கற்களை உதிர்க்கும். அளவு பெருகும்போது வலிமையும் எடையும் ஒரே வீதத்தில் பெருகுவதில்லை என்ற உண்மையைக் கலிலியோ தம் நூலில் விளக்கியது 1638இல்தான். உல்ம் மக்கள் அந்தப் பாடத்தை ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே, விழுந்த கற்களின் வாயிலாகக் கேட்டனர்.

எங்கல்பெர்க்கின் வைத்தியம்

கோபுரத்தைக் காக்க வெளியூர்க் கட்டடக் கலைஞர்களை நகர மன்றம் அழைத்தது. அவர்களுள் ஆக்ஸ்பர்க் நகரத்து பர்க்கார்ட் எங்கல்பெர்க் என்பவரிடம் பொறுப்பு வந்தது. அவர் கோபுரத்தை இடிக்கச் சொல்லவில்லை. நோயின் வேர் எங்கே என்று பார்த்தார்.

முதலில் கோபுரத்தின் அடித்தளத்தை வலுப்படுத்தினார். மேலே கோபுரம் நின்றுகொண்டிருக்கும்போதே கீழே பகுதி பகுதியாகத் தோண்டி, புதிய கற்கட்டை வைத்துச் சுமையைப் பரந்த நிலத்தில் இறக்குவது எளிய பணியன்று. ஒரே நேரத்தில் அதிகமாகத் தோண்டினால் கோபுரம் அப்போதே சாய்ந்துவிடும். கோபுரத்தின் காலடியில் திறந்திருந்த வளைவுகளையும் கற்சுவர் எழுப்பி அடைத்தார். தூண்களின்மேல் மட்டும் இறங்கிய சுமை இப்போது சுவர்களின் வழியாகவும் பரவியது.

அடுத்து அவர் கை வைத்தது பக்கக்கூடங்களில். 1502 முதல் 1507 வரை நடந்த இப்பணியில், ஒவ்வொரு பக்கக்கூடத்தின் நடுவிலும் மெல்லிய தூண்களை ஒரு வரிசையாக நட்டு, ஓர் அகன்ற கவிகைக்குப் பதிலாக இரு குறுகிய கவிகைகளை அமைத்தார். மூன்று கூடங்கள் கொண்ட ஆலயம் ஐந்து கூடங்கள் கொண்டதாயிற்று.

இதனால் என்ன பயன்? கவிகையின் அகலமும் எழுச்சியும் பாதியானால் அதன் உந்துவிசையும் பாதியாகும். அகலத்தை மட்டும் பாதியாக்கி எழுச்சியை அப்படியே வைத்துக்கொண்டாலோ உந்துவிசை கால் பங்காகக் குறையும். கூர்வளைவில் இது இயலும் என்பதை முன்பே கண்டோம். இனி, நடுவில் நிற்கும் புதிய தூண்களைப் பாருங்கள். வலப்பக்கக் கவிகை அதை இடப்பக்கம் தள்ளுகிறது. இடப்பக்கக் கவிகை வலப்பக்கம் தள்ளுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. தூணுக்கு எஞ்சுவது நேர்கீழான சுமை மட்டுமே. ஆகவேதான் அத்தூண்கள் அவ்வளவு மெலிதாக இருந்தும் நிற்கின்றன.

இன்று உல்ம் ஆலயத்தினுள் செல்வோர் வியந்து போற்றுவது இந்தப் பக்கக்கூடங்களின் தூண் வரிசையையும், அவற்றின் மேல் வலைபோல் பின்னிய கவிகைகளையும்தான். கட்டடத்தைக் காப்பாற்றச் செய்த பழுதுவேலையே அதன் அழகாகிவிட்டது.

301 ஆண்டு உறக்கம்

கோபுரம் பிழைத்தது; ஆனால் வளரவில்லை. 1530இல் நகர மக்கள் வாக்களித்தபோது பெரும்பான்மையோர் மார்ட்டின் லுத்தர் தொடங்கிய சமயச் சீர்திருத்தத்தை ஏற்றனர். அடுத்த ஆண்டு ஆலயத்தின் சிலைகளும், குடும்பங்களும் கைவினைஞர் சங்கங்களும் நிறுவிய ஐம்பதுக்கும் மேற்பட்ட பீடங்களும் அகற்றப்பட்டன. பீடங்கள் போனதும் நன்கொடைகளும் குறைந்தன. கடல்வழி வணிகம் பெருகியதால் உள்நாட்டு நகரங்களின் செல்வமும் தேய்ந்தது. 1543இல், கோபுரம் ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில் இருந்தபோது, பணி முற்றிலும் நின்றது.

அதன்பின் 301 ஆண்டுகள் உல்ம் ஆலயம் மொட்டைக் கோபுரத்தோடு நின்றது. இந்தக் காலத்தில்தான் கட்டடங்களைப் பற்றிய அறிவு வளர்ந்தது. 1675இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக், ஒரு வளைவுக்கு ஏற்ற வடிவம் எது என்பதற்கு விடை கண்டார். இரு கைகளால் ஒரு சங்கிலியைப் பிடித்துத் தொங்கவிட்டால் அது ஒரு வளைவான வடிவம் கொள்ளும். அவ்வடிவில் சங்கிலி முழுவதும் இழுவிசை மட்டுமே உண்டு. அந்த வடிவைத் தலைகீழாக்கிக் கல்லால் கட்டினால் அதில் அழுத்தம் மட்டுமே இருக்கும். இந்த விடையை அவர் எழுத்துகளை இடம் மாற்றிய ஒரு புதிராகவே வெளியிட்டார். அவர் இறந்த பிறகே அதன் பொருள் வெளியாயிற்று. அடுத்த நூற்றாண்டுகளில் விசைகளை எண்ணால் அளக்கும் நிலையியல் என்ற துறை தழைத்தது.

மீண்டும் திருப்பணி

1844இல் திருப்பணி மீண்டும் தொடங்கியது. ஜெர்மானியரிடையே பழங்கலை மீது புதிய பற்று எழுந்த காலம் அது. கொலோன் பேராலயத்தின் நின்றுபோன பணியும் 1842இல் மீண்டும் தொடங்கியிருந்தது.

தலைமை ஏற்ற ஃபெர்டினாண்ட் திரேன் உடனே கோபுரத்தின் மேல் ஏறிக் கல் அடுக்கவில்லை. என்சிங்கர் வைத்துச் சென்ற பழைய கடனை முதலில் தீர்க்க முற்பட்டார். நடுக்கூடத்தின் உயர்ந்த சுவர்களை அதன் கவிகை வெளியே தள்ளிக் கொண்டிருந்தது. 1850-களில் தொடங்கி, பக்கக்கூடங்களின் கூரைக்கு மேலே அந்தரத்து முட்டு வளைவுகளை அவர் அமைத்தார். வெளியிலிருந்து காண்போர் இவற்றைப் பதினைந்தாம் நூற்றாண்டின் வேலை என்றே எண்ணுவர். உண்மையில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து வந்து சேர்ந்த முட்டுகள் அவை.

பீடப்பகுதியின் இருபுறமும் உள்ள 86 மீட்டர் கோபுரங்கள் 1880இல் நிறைவு பெற்றன. அதற்கு முந்தைய ஆண்டில், 1879 மார்ச் 14 அன்று, இந்நகரின் ஒரு வீட்டில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் பிறந்தார். மறு ஆண்டே அக்குடும்பம் மியூனிக் நகருக்குக் குடிபெயர்ந்தது.

முதன்மைக் கோபுரத்தை முடிக்கும் பணி ஆகஸ்ட் பேயரிடம் வந்தது. அவரும் முதலில் கோபுரத்தின் அடிப்பகுதியை வலுப்படுத்திய பிறகே மேலே சென்றார். அவர் பின்பற்றியது வேறு எவருடைய திட்டமும் அன்று. ஊரைவிட்டு வெளியேற நேர்ந்த பொப்லிங்கரின் வரைபடம்தான். நான்கு நூற்றாண்டுகளாக அது காக்கப்பட்டிருந்தது. அதன் உயரத்தைச் சற்றே கூட்டிக் கூம்பை எழுப்பினார். 1890 மே 31 அன்று உச்சிக் கல் அமர்ந்தது. 1880இல் முடிந்திருந்த கொலோன் கோபுரங்களின் உயரம் 157 மீட்டர். உல்ம் அதை நான்கு மீட்டருக்கு மேல் விஞ்சி நின்றது.

போரும் பராமரிப்பும்

1944 டிசம்பர் 17 இரவு உல்ம் நகரின் மேல் விமானங்கள் குண்டுமழை பொழிந்தன. பழைய நகரின் பெரும்பகுதி எரிந்து அழிந்தது. அந்த இடிபாடுகளின் நடுவே ஆலயம் மட்டும் பெருஞ்சேதமின்றி நின்றது.

ஆலயக் கூரையின்மேல் சிட்டுக்குருவி ஒன்றின் உருவம் உள்ளது. ஆலயம் கட்டும்போது நீண்ட உத்தரம் ஒன்றை வண்டியில் குறுக்காக வைத்துக் கொண்டுவந்தார்களாம். அது நகர வாயிலில் நுழையவில்லை. வாயிலை இடிக்கலாமா என்று ஊரார் எண்ணியபோது, ஒரு குருவி கூட்டுக்குக் கொண்டு சென்ற வைக்கோலை நீளவாக்கில் உள்ளே இழுப்பதைக் கண்டு அறிவு தெளிந்தார்களாம். இது வெறும் கதைதான். ஆனால் தங்களைத் தாங்களே எள்ளி நகையாடும் இக்கதையை உல்ம் மக்கள் விரும்பிச் சொல்லுகிறார்கள்.

மழையும் பனியும் புகையும் கல்லை அரித்துக்கொண்டே இருக்கின்றன. ஆகவே ஆலயத்துக்கென்றே ஒரு கல்தச்சுக் கூடம் இன்றும் இயங்குகிறது. அரித்த கல்லை எடுத்துவிட்டு அதே வடிவில் புதிய கல்லைச் செதுக்கிப் பொருத்துவது அங்குள்ளோரின் வேலை. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் உள்ள இத்தகைய கல்தச்சுக் கூடங்கள் தம் தொழிலறிவைக் காத்து அடுத்த தலைமுறைக்கு அளிக்கும் முறையை 2020இல் யுனெஸ்கோ சிறந்த நடைமுறையாக ஏற்றுப் பதிவு செய்தது.

உல்ம் ஆலயத்தின் 513 ஆண்டுகளில் உண்மையாக வேலை நடந்தவை ஏறத்தாழ 212 ஆண்டுகளே. துணிந்து வரைந்தவர் ஒருவர்; அதன் குறையைக் கண்டு அடித்தளத்தைக் காத்தவர் மற்றொருவர்; முட்டுக் கொடுத்தவர் வேறொருவர்; முடித்தவர் இன்னுமொருவர். முன்னோர் செய்த பிழைக்காக அவர்களின் திட்டத்தை எவரும் தூக்கி எறியவில்லை. பிழை எங்கே என்று கண்டு அந்த இடத்தில் ஒரு தூணையோ ஒரு முட்டையோ வைத்தனர். அந்தக் கோபுரம் இன்று நிற்பதற்கு, அதை உயர்த்தியவர்களின் துணிவைப் போலவே, தாங்கிப் பிடித்தவர்களின் அறிவும் காரணமாகும்.